இங்கிலீஷ் எழுத்தும் ஞானப்பாலும்

சீர்காழி என்றதும் நம் மக்களுக்கு முதலில் ஞாபகத்திற்கு வருவது, மூன்று வயதுக் குழந்தையாகிய சம்பந்தர் அவ்வூர்க் கோயில் குளக்கரையில் அம்மன் கொடுத்த ஞானப்பாலைக் குடித்தவுடன் பதிகம் பாடினார் என்கின்ற பெரிய புராணக் கதையேயாகும். அக்கதையின் யோக்கியதையை விசாரிக்க நாம் இங்கு வரவில்லை. ஆனால், கல்வி என்பது ஒருவர் ஊட்ட மற்றவர் விழுங்குவது என்கின்ற எண்ணம், அதே சீர்காழியில் இங்கிலீஷ் படிக்கும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளையும் விட்டபாடில்லையே, அதைப் பற்றித்தான் சொல்லுகிறோம்.

பத்தாவது வகுப்பு இங்கிலீஷ் பரீட்சைக்கு மார்க்கு 100, தேறுவதற்கு 35. கடிதத்தையும் கட்டுரையையும் நோட்ஸைப் பார்த்து உருப்போட்டு, அர்த்தந் தெரியாமல் சொல்லும் மந்திரம்போல் ஒப்பித்துவிட்டால் காரியம் முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளையையே, "தெருச் சாக்கடை அடைத்திருக்கிறது, முனிசிபாலிடிக்கு நாலு வரி எழுது" என்றால் பேனா நகருவதில்லை. உடனே பெற்றோர்கள் அந்தப் பேனாவைக் கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜையில் வைக்கிறார்கள். சரஸ்வதி பூஜை நாளிலோ எழுதவே கூடாதாம்! எழுத வேண்டிய பிள்ளைக்கு எழுதாமலிருப்பது ஒரு விரதமா என்று கேட்கிறோம்.

1914-ல் சென்னைச் சர்வகலாசாலையில் பதிவான பட்டதாரிகள் 650 பேரில் பிராமணர்கள் 452 பேர். பிராமணரல்லாத இந்துக்கள் 124 பேர். மற்றவர்கள் 74 பேர். அந்த 452 பேருக்கும் அம்மன் பால் கொடுத்தாளா? இல்லை. அவர்களுக்குப் பள்ளிக்கூடமும் புத்தகமும், தப்பைத் திருத்திச் சொல்ல வீட்டிலேயே ஆளும் இருந்தன. இன்று நடவு நடும் தாயின் மகளுக்குப் பள்ளிக்கூடமும் புத்தகமும் கிடைத்துவிட்டன. திருத்திச் சொல்ல ஆள்தான் இல்லை. அந்த ஆளாக உபாத்தியாயர்தானே இருக்க வேண்டும்?

அப்பிள்ளை செய்யும் தப்புக்கு மூளைக் குறைவு காரணமல்ல. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். இங்கிலீஷில் எழுவாயை அடுத்தே வந்துவிடும். "அவர் உபாத்தியாயர்" என்று நாம் வினையில்லாமலே சொல்லிவிடுகிறோம். இங்கிலீஷிலோ நடுவில் "இஸ்" வேண்டும், "ஏ" என்று ஒரு சொல்லும் வேண்டும். இதை எடுத்துச் சொல்லாமல் நோட்டு முழுவதும் சிவப்பு மையால் கீறித் தள்ளினால், பிள்ளை கற்பது பயம் ஒன்றைத்தான்.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். வாரம் ஒரு பக்கம், பிள்ளை தானே கண்டதைச் சொந்தமாக எழுதட்டும். குறுவை நடவு, வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், அறுப்புக் கூலி என எதுவானாலும் சரி. என்ன சொல்லப் போகிறோம் என்பதை முதலில் தமிழில் யோசிக்கட்டும். உபாத்தியாயர் அந்த வாரத்திற்கு ஒரே வகைத் தப்பை மட்டும் காட்டட்டும். பிள்ளை அதைத் திருத்தி மறுபடியும் எழுதட்டும். இந்த மறுபடி எழுதுவதில்தான் படிப்பே இருக்கிறது.

"வகுப்பில் ஐம்பது பேர், எப்படி முடியும்?" என்பார்கள். நாளைக்குப் பத்து நோட்டு பார்த்தால் ஐந்து நாளில் ஐம்பதும் முடிந்துவிடாதா?

பெற்றோர்களே! "எத்தனை மார்க்கு?" என்று கேட்பதோடு நில்லாமல், "இந்த வாரம் சொந்தமாக என்ன எழுதினாய்?" என்றும் கேளுங்கள். தன் குறையைத் தானே எழுதத் தெரிந்த பிள்ளை, மனு எழுதித் தரச் சொல்லிப் பிறர் வாசலில் நிற்க வேண்டியதில்லை.