நீ எப்படிப் பார்த்தே?

மக்களே, முதல்லயே ஒரு எச்சரிக்கை. ‘அந்தாதுன்’ படத்தை இன்னும் பார்க்காதவங்க இந்தப் பக்கத்தை மூடிட்டு, இன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல பார்த்துட்டு நாளைக்கு வாங்க. கதை முழுக்கச் சொல்லப் போறேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

2018-ல் ஸ்ரீராம் ராகவன் எடுத்த இந்திப் படம் இது. ஒலிவியே த்ரைனே 2010-ல் எடுத்த ஒரு பிரெஞ்சுக் குறும்படத்திலிருந்து பிறந்தது. சிறந்த இந்திப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. ஆயுஷ்மான் குரானாவுக்கும் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. நம்ம ஊரில் 2024-ல் பிரசாந்த் நடிக்க ‘அந்தகன்’ என்று வந்ததும் இதே கதைதான்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லாரும் ஒரே கேள்வியில் போய் நிற்பார்கள்: ‘மச்சி, கடைசில அவனுக்குக் கண்ணு தெரியுமா, தெரியாதா?’ கிளைமாக்ஸில் ஆகாஷ் தன் கைத்தடியால் வழியில் கிடந்த டின்னைத் தட்டி விடுகிறானே, அதை வைத்து ஆளுக்கொரு தியரி. எனக்கென்னவோ அது இரண்டாவது கேள்வி என்று தோன்றுகிறது. முதல் கேள்வி படத்தின் பாதியிலேயே வந்துவிடுகிறது. கண் நல்லா இருந்தப்போ அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை?

கதையைச் சுருக்கமாக ஞாபகப்படுத்துகிறேன். புனேயில் பியானோ வாசிக்கிற ஆகாஷுக்குப் பார்வை நன்றாகவே இருக்கிறது. ஆனால் பார்வையற்றவனாக நடிக்கிறான். கேட்டால், அப்போதுதான் இசையில் கவனம் கூடும் என்கிறான். இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நமக்கும் தோன்றுகிறது. ஒருநாள் பழைய நடிகர் ஒருவர் (அனில் தவான்) கல்யாண நாளுக்காகத் தன் வீட்டில் வந்து வாசிக்கச் சொல்கிறார். போனால் கதவைத் திறப்பது அவர் மனைவி சிமி (தபு). உள்ளே அந்த நடிகர் பிணமாகக் கிடக்கிறார்.

அந்தக் காட்சியை நினைச்சுப் பாருங்க. ஒரு பக்கம் இவன் பியானோ வாசிக்கிறான். இன்னொரு பக்கம் சிமியும் அவள் காதலனும் சத்தமே இல்லாமல் பிணத்தைப் பெட்டியில் அடைக்கிறார்கள். பார்க்காத மாதிரி அவன் பார்க்கிறான், நாம் சிரிக்கிறோம். செத்துக் கிடப்பது ஒரு மனுஷன் என்பதையே மறந்துவிட்டு, ‘ஐயோ, மாட்டிக்கப் போறான்டா’ என்று கொலையைப் பார்த்தவனுக்காகப் பதறுகிறோம். இந்தப் படத்தின் கறுப்பு நகைச்சுவை செய்கிற வேலை அதுதான். நம்மையும் அவனோடு கூட்டுச் சேர்த்துவிடுகிறது.

ஆகாஷ் மோசமானவன் இல்லை. புகார் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்கே போகிறான். அங்கே உட்கார்ந்திருக்கும் இன்ஸ்பெக்டர்தான் அந்தக் காதலன். சரி, பயம், புரிகிறது. ஆனால் ஒரு நிமிஷம். அங்கே நேர்மையான ஒரு இன்ஸ்பெக்டர் இருந்திருந்தால்? அவர் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி, ‘உனக்குத்தான் கண்ணு தெரியாதே, நீ எப்படிப் பார்த்தே?’ உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் தன் பொய்யைச் சொல்ல வேண்டும். யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று நினைத்தோமே, அதற்கு அவன் கொடுத்த விலை சாட்சி சொல்கிற தகுதி. பக்கத்து வீட்டு டிசா அம்மாவைச் சிமி மாடியிலிருந்து தள்ளிவிடும்போதும் அவன் அங்கேதான் இருக்கிறான். அப்போதும் அதே நடிப்புதான்.

இப்போ என் கதை. இரண்டாம் வருஷம் ஒரு மதியம், மேத்ஸ் வகுப்பில் நண்பன் எனக்கு ப்ராக்ஸி கொடுத்துக்கொண்டிருந்தான். நான் எலெக்ட்ரானிக்ஸ் லேப் மூலையில் ரெக்கார்டு நோட்டு முடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சீனியர் கை பட்டு சி.ஆர்.ஓ. கீழே விழுந்தது. அவர் அதை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு நைசாகக் கிளம்பிவிட்டார். அடுத்த ஹவரில் அந்த மேஜைக்கு வந்த ஜூனியர் தலையில் பழி விழுந்தது. ‘நான் தொடவே இல்ல சார்’ என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. பணம் கட்டினான்.

நான் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், ‘அந்த ஹவர் நீ கிளாஸ்ல இல்ல இருந்தே? நீ எப்படிப் பார்த்தே?’ என்று கேட்டிருப்பார்கள். 75 சதவீதத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்த என் அட்டெண்டன்ஸும், ப்ராக்ஸி கொடுத்த நண்பனும் சேர்ந்து மாட்டியிருப்போம். அதனால் வாய் திறக்கவில்லை. அந்த வாரம்தான் ‘அந்தாதுன்’ பார்த்தேன். பியானோ காட்சிக்கு ரூமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

‘அதெல்லாம் ஓவர்டா, கொலையும் ப்ராக்ஸியும் ஒண்ணா?’ என்பீர்கள். ஒண்ணு இல்லைதான். ஆனால் வாயடைத்துப் போகிற விதம் ஒண்ணு. பெரிய தப்பைப் பார்த்தவன் தன் சின்னத் தப்புக்குப் பயந்து ஒதுங்குகிறான். தப்பு செய்தவனுக்கு இதைவிட வசதியான சாட்சி கிடைக்குமா?

ஸ்ரீராம் ராகவன் ஆகாஷை நல்லவனாகவும் ஆக்கவில்லை, வில்லனாகவும் ஆக்கவில்லை. சிமி அவனை நிஜமாகவே குருடாக்கிவிடுகிறாள். அப்புறம் உறுப்புத் திருடும் கும்பலிடம் மாட்டி, பேராசைக்காரர்கள் நடுவே அவனும் பேரம் பேசுகிறான். கடைசியில் ஐரோப்பாவில் ஒரு கஃபேயில் உட்கார்ந்து ஸோஃபியிடம் (ராதிகா ஆப்தே) நடந்ததைச் சொல்கிறான். கார் மீது ஒரு முயல் பாய்ந்ததாம், சிமியின் கதை அங்கே முடிந்ததாம். நம்பலாமா? அவன் சொல்வதைத் தவிர நம்மிடம் வேறு ஆதாரம் எதுவும் இல்லை. டின்னைத் தட்டும் அந்த நொடி அதனால்தான் சுடுகிறது. அவனுக்குக் கண் தெரியுமா என்பதைவிட, இனி அவன் எதைச் சொன்னாலும் நம்ப முடியாது என்பதுதான் எனக்கு அதில் பெரிய விஷயம். முயல் கதை உண்மையாகவே இருந்தாலும் சரி.

கடைசியாக ஒன்று. அந்த ஜூனியர் தம்பி இந்த இதழைப் படிப்பான் என்று தெரியும். தம்பி, உன் மேல் தப்பில்லை, நான் பார்த்தேன். ரூமுக்கு வா, சேர்ந்தே லேப்புக்குப் போய்ச் சொல்லலாம். அந்த செமஸ்டர் முடிந்துவிட்டது, இனி என் அட்டெண்டன்ஸை யாரும் தோண்ட மாட்டார்கள். அதனால்தான் இப்போ தைரியம் வந்ததா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் நினைக்கிறேன்.