வீட்டுக் கணிப்பொறி: ஐந்தரை மணி நேரப் பிழை

அல்சூரில் வாழும் நம் சங்க அன்பர் ஒருவர், சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மடிக்கணிப்பொறி ஒன்றைத் துணிப்பையில் இட்டு என் இல்லத்திற்குக் கொணர்ந்தார். அவர் பீனியாவில் கடைசல் பட்டறை ஒன்றில் பணிபுரிபவர். உடன் அவருடைய துணைவியாரும், இரண்டாம் ஆண்டு பி.யூ.சி. பயிலும் மகளும் வந்திருந்தனர். நோயாளியை மருத்துவரிடம் அழைத்து வருவோர் முகத்தில் காணும் கவலை மூவர் முகத்திலும் இருந்தது.

“கடையில் காட்டினோம் ஐயா. உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். அழித்துவிடலாமா?” என்று அவர் வினவினார். நான் விடை கூறுமுன் அம்மையார் குறுக்கிட்டார்: “அதற்குள் எங்கள் அத்தை இருக்கிறார்கள், அண்ணா!”

விளக்கம் கேட்டபின் பொருள் புரிந்தது. திருப்பத்தூரை அடுத்த சிற்றூரில் வாழ்ந்த அவர் மாமியார், இரண்டாண்டுகட்கு முன் காலமானார். அவர் பேத்திக்குக் கதை சொல்வதையும், நாற்று நடவுப் பாடல்களைப் பாடுவதையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தனர். கைப்பேசி நீரில் விழுந்து பாழாயிற்று. எஞ்சியிருந்த ஒரே படி இக்கணிப்பொறியில்தான் இருந்தது.

‘அழித்துவிட்டுப் புதிதாகப் போடுதல்’ என்பது, கூரை ஒழுகுகிறது என்பதற்காக வீட்டை இடிப்பதற்கு ஒப்பாகும். கடைக்காரருக்கு அஃது ஒரு மணி நேர வேலை. காரணம் ஆராய்தலோ அரை நாள் வேலை. அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் நம் வீட்டுப் பொருளின் அருமை நமக்கன்றோ தெரியும்?

இப்பொறியின் வரலாறு பலர் வீட்டிலும் நிகழ்ந்து வருவதே. அதில் விண்டோஸ் 10 இயங்கிவந்தது. அதற்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றன. விண்டோஸ் 11 ஏறுவதற்கோ, பொறியின் வயது இடந்தரவில்லை. அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் நல்லெண்ணத்தோடு, விண்டோஸை நீக்காமலே அதன் அருகில் உபுண்டு லினக்ஸை நிறுவித் தந்தார். ஒரு பொறியில் இரு குடித்தனம்! அன்று முதல் இரண்டு குறைகள் தோன்றின.

முதற்குறை கடிகாரத்தைப் பற்றியது. மாணவி மாலை 6 மணி வகுப்பிற்கென விண்டோஸில் நினைவூட்டல் வைத்தால், அஃது இரவு 11.30 மணிக்கு, அனைவரும் உறங்கும் வேளையில் ஒலித்தது. கணிப்பொறியினுள் உள்ள காசு வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டது என்று கருதிப் புதிய மின்கலம் வாங்கிப் பொருத்தினர். பயனில்லை.

நேயர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மின்கலம் தீர்ந்த கடிகாரம் ஒழுங்காகவா பிழை செய்யும்? ஒரு நாள் பத்து நிமிடம் பிந்தும். மற்றொரு நாள் பல்லாண்டு பின்னே சென்று நிற்கும். இதுவோ ஒவ்வொரு முறையும் மிகச் சரியாக ஐந்தரை மணி பிந்திற்று. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. பிழையின் அளவே அதன் காரணத்தைச் சொல்லிவிட்டது.

தாய்ப்பலகையில் உள்ள கடிகாரம் ஒன்றே. விண்டோஸ் அதில் உள்ளூர் நேரம் இருப்பதாகக் கொள்ளும். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதிவைத்து, ஐந்தரை மணியைக் கூட்டி நமக்குக் காட்டும். லினக்ஸ் எழுதியதை விண்டோஸ் அப்படியே படிக்கும்பொழுது ஐந்தரை மணி குறைந்து தோன்றுகிறது. லினக்ஸின் முனையத்தில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்று ஆங்கில எழுத்தில் ஒருமுறை தட்டச்சிட்டால், அதுவும் உள்ளூர் நேரத்தையே எழுதத் தொடங்கும். கோடைக்கும் குளிருக்கும் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இதனால் சிறு தொல்லைகள் நேரலாம். நம் நாட்டில் அவ்வழக்கம் இன்மையால் அச்சமின்றிச் செய்யலாம்.

இரண்டாவது குறையே அவர்களைக் கடைக்கு அனுப்பியது. லினக்ஸில் மாணவி கடவுச்சொல்லைத் தருகிறாள், பொறி ஏற்றுக்கொள்கிறது, திரை ஒருகணம் இருள்கிறது, மீண்டும் கடவுச்சொல் கேட்கும் அதே வாயிலுக்கே வந்து நிற்கிறது. கடவுச்சொல் தவறாயின் ‘தவறு’ என்று சொல்லியிருக்கும். எனவே வாயிற்காவலன் மீது குற்றமில்லை. உள்ளே அமர இடமில்லாமற்போலும் திருப்பி அனுப்புகிறான் என்று ஐயுற்றேன்.

ஆயினும் பழுது பார்க்கத் தொடங்குமுன் அம்மையாரின் அத்தையைக் காப்பதே முதற்கடன் என்று கருதினேன். லினக்ஸை வட்டில் நிறுவாமல், விரலளவான பென்டிரைவிலிருந்தே இயக்கும் முறை ஒன்று உண்டு. அவ்வாறு இயக்கி, விண்டோஸ் பகுதியைத் திறந்தேன். அது படிப்பதற்கு மட்டும் இசைந்தது, எழுத மறுத்தது. அதற்கும் காரணம் உண்டு. விண்டோஸில் ‘வேகத் தொடக்கம்’ என்றோர் அமைப்பு இருக்கிறது. அஃது இயங்கும்பொழுது, நாம் அணைத்ததாக எண்ணும் பொறி முற்றிலும் அணைவதில்லை. அரைத்தூக்கத்தில் தன் கோப்புகளைப் பிடித்தபடியே கிடக்கும். இரு குடித்தனம் நடத்துவோர் அதனை நிறுத்திவிடுதல் நலம். நமக்கு அன்று படிக்க இயன்றதே போதுமானதாயிற்று. படங்கள் யாவும் வெளிவட்டு ஒன்றிற்குப் படியாயின. அம்மையார் அவ்வட்டை வாங்கித் தம் கைப்பையில் வைத்துக்கொண்ட பின்னரே நாற்காலியில் சாய்ந்து அமர்ந்தார்.

பின்பு லினக்ஸை வழக்கம்போல் தொடங்கி, அந்த வாயிலில் நின்றபடியே கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினேன். வண்ணத்திரை மறைந்து வெறும் எழுத்துத்திரை வந்தது. முன்வாயில் அடைபட்டிருந்தால் கொல்லைப்புறமாக நுழையும் வழி இது. நேயர்கள் இம்மூன்று விசைகளையும் குறித்துவைத்துக்கொள்வாராக. இங்குப் பெயரும் கடவுச்சொல்லும் தந்து, ‘டிஎஃப்’ என்னும் ஈரெழுத்துக் கட்டளையைத் தட்டினால், ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு இடம் நிரம்பியுள்ளது என்னும் கணக்கு வரும். லினக்ஸிற்கென ஒதுக்கிய பகுதி நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தது!

அதை நிரப்பியது யாது? படங்கள் அல்ல, பாடங்களும் அல்ல. பொறி தன் அன்றாட நிகழ்ச்சிகளை எழுதிவைக்கும் குறிப்பேடு இவ்வளவு பெருத்துக் கிடந்தது. அதன் கடைசிச் சில வரிகளைப் படித்தபொழுது எனக்கு நகைப்பு வந்தது. கம்பியில்லா இணைய அட்டைக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே சிறு பிழை நேர்கிறது. அஃது உடனே தானே திருத்தப்பட்டும் விடுகிறது. ‘பிழை திருத்தப்பட்டது’, ‘பிழை திருத்தப்பட்டது’ என்று அல்லும் பகலும் எழுதி எழுதியே வீட்டை நிரப்பிவிட்டது இந்தப் பொறி. மனிதரிலும் இத்தகையோர் உளர்.

இத்தகைய குறிப்பேட்டுக் கோப்பினை நீக்குதல் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும் நிரல் அதனைப் பிடித்திருப்பதால், பெயர் மறைந்தாலும் இடம் விடுபடாது. ‘ட்ரங்கேட்’ என்னும் கட்டளையால் உள்ளடக்கத்தை மட்டும் வெறுமையாக்குதல் வேண்டும். அடுத்து, பிழையின் வேரைக் காணுதல் வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்தும்பொருட்டு அந்த இணைப்பை அடிக்கடி உறங்கவைக்கும் ஏற்பாடே பெரும்பாலும் இதற்குக் காரணம். பொறி தொடங்குகையில் தோன்றும் ‘க்ரப்’ பட்டியலில் ‘ஈ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் இறுதியில் ‘பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்’ என்பதை ஆங்கில எழுத்தில் சேர்த்துத் தொடங்கினேன். இவ்வாறு சேர்ப்பது அந்த ஒருமுறைக்கு மட்டுமே செல்லும். தவறாயின் அணைத்துத் தொடங்கினால் பழைய நிலை வந்துவிடும். குறிப்பேடு அடங்கியதைக் கண்ட பின்னரே அதனை நிலையாக எழுதினேன். வட்டு நிரம்பியது நீங்கவே, மாணவியும் தன் மேசைத்திரையைக் கண்டாள்.

நிறுவியவுடன் திரை கறுத்துப்போய்விட்டது என்று கடிதம் எழுதிய மற்றோர் அன்பருக்கும் இதுவே வழி. அதே இடத்தில் ‘நோமோட்செட்’ என்று சேர்த்துத் தொடங்கி, உள்ளே சென்று, திரை அட்டைக்குரிய இயக்கியை நிறுவுக. கம்பியில்லா இணையம் அறவே வரவில்லை என்போர், கைப்பேசியைக் கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொண்டு, அட்டைக்குரிய நிலைப்பொருளைப் பெறுதல் எளிது. அதற்காகச் சதர் பத்ரப்ப சாலைக்கு ஓடிப் புதிய அட்டை வாங்கவேண்டுவதில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இப்பணி, நம் நகருக்கு அயலானதன்று. 2001ஆம் ஆண்டிலேயே இங்கு ‘லினக்ஸ் பெங்களூர்’ என்னும் மாநாடு கூடியது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய ‘சிம்ப்யூட்டர்’ என்னும் கையடக்கப் பொறியும் லினக்ஸ் கொண்டே இயங்கியது. அது சந்தையில் வெற்றி பெறவில்லை என்பது உண்மையே. ஆயினும், குரப்பனபாளையாவை அடுத்த சுதர்சன லேஅவுட் குடிசைப்பகுதியில், அம்பேத்கர் சமூகக் கணினி மையம் என்ற பெயரில், தன்னார்வலர்கள் ஏழைப் பிள்ளைகட்கு லினக்ஸ் கணிப்பொறிகளில் பயிற்சி தந்ததை யான் பெரிதாக மதிக்கிறேன். விலை கொடுத்து வாங்கவேண்டாத மென்பொருள் அங்கன்றோ தன் பயனைக் காட்டுகிறது! தமிழகத்திலும், 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் சேர்த்தே மாணவர்க்கு வழங்கப்பட்டது.

மாணவி ஒரு வேண்டுகோள் விடுத்தாள். நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் தமிழ் எழுதக் கற்றவள் அவள்; கல்லூரியில் அதற்கு வாய்ப்பில்லை. கணிப்பொறியில் தமிழில் எழுத வேண்டும் என்றாள். ‘ஐபஸ்-எம்17என்’ என்னும் தொகுப்பை நிறுவி, அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியில் தமிழ்99 என்பதைச் சேர்த்துக் கொடுத்தேன். 1999இல் தமிழக அரசு ஏற்ற முறை இது. குறிலும் நெடிலும் இடக்கைக்கும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் அமைந்திருப்பதால் விரைவில் பழகும். விண்டோஸ் விசையையும் இடவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். தமிழ் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் தோன்றும் பொறிகளில் எழுத்துரு இல்லை என்பது பொருள். ‘நோட்டோ’ அல்லது ‘லோகித்’ தமிழ் எழுத்துருவை நிறுவுக.

இறுதியாக அத்தையின் படம் ஒன்றை இயக்கினோம். திண்ணையில் அமர்ந்து முதியவர் கையசைத்துப் பாடுகிறார், ஒலி இல்லை! அம்மையார் முகம் வாடிற்று. அமைப்புகளில் ஒலிப்பகுதியைத் திறந்து பார்த்தேன். ஒலி, பொறியின் ஒலிபெருக்கிக்குச் செல்லாமல், இல்லாத தொலைக்காட்சி ஒன்றிற்கு எச்டிஎம்ஐ வழியே சென்றுகொண்டிருந்தது. மாற்றியவுடன் பாட்டு நடுவரியில் ஒலித்தது. அன்பர் மெல்ல எழுந்து சாளரத்தருகே சென்று நின்றார். பேத்தி மட்டும், “இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் அம்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த திங்கள் முதல் ஞாயிறன்று மாலை 4 மணிக்குச் சங்கக் கட்டடத்தில் இருப்பேன். பொறியைக் கொணர்வோர் மின்னேற்றியையும், குறைந்தது 8 ஜிபி கொள்ளும் வெற்றுப் பென்டிரைவ் ஒன்றையும், படியெடுக்கத் தனி வட்டு ஒன்றையும் மறவாது கொணர்க. திரையில் பிழைச்செய்தி தோன்றினால், மூடிவிடாமல், கைப்பேசியால் அதனைப் படம் எடுத்து வருக.