போட்ட பணம் வளர்கிறதா? அளந்து பார்ப்பது எப்படி?

கோவை–சத்தியமங்கலம் சாலையில் உள்ளது அன்னூர். தோட்டம், தறி, ஆலை வேலை என்று உழைத்துப் பிழைக்கும் மக்கள் வாழும் ஊர். மிச்சம் பிடித்த காசை நகையிலும் சீட்டிலும் நிலத்திலும் போடுவது கொங்கு நாட்டு வழக்கம். இப்போது அந்த வரிசையில் மியூச்சுவல் பண்டும் சேர்ந்து விட்டது. நாடு முழுவதும் மாதத் தவணையாக இதில் சேர்ந்த பணம், 2024 ஏப்ரலில் 20,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

மியூச்சுவல் பண்டு என்பது என்ன? பலருடைய பணத்தை ஒன்றாகச் சேர்த்து, ஒரு கம்பெனி பங்குகளும் கடன் பத்திரங்களும் வாங்குகிறது. லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் அது பணம் போட்டவர்களையே சேரும். மொத்தச் சொத்தை யூனிட்டுகளாகப் பங்கிட்டால் வருவதே ஒரு யூனிட்டின் மதிப்பு.

பணம் போட்டால் மட்டும் போதுமா? அது நன்றாக வளர்கிறதா என்று பார்க்கவும் தெரிய வேண்டும். தெரியாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு.

2 கோடிப் பேர் கண்ட பாடம்

1964-ல் யூனிட் டிரஸ்ட் நிறுவனம் "யூனிட்-64" என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒரு யூனிட் 10 ரூபாய். மத்திய சர்க்கார் ஏற்படுத்திய நிறுவனம் என்ற நம்பிக்கையில் குடும்பங்கள் பணம் போட்டன. ஆண்டுதோறும் டிவிடெண்ட் வந்தது. ஒரு சமயம் அது 26 சதவீதம் வரை உயர்ந்தது. மக்கள் மகிழ்ந்தார்கள்.

ஆனால் யூனிட்டின் விலையை நிறுவனமே நிர்ணயித்தது. அதன் பின்னால் உள்ள சொத்தின் உண்மை மதிப்பு மக்களுக்குத் தெரியாது. 2001 ஜூலையில் யூனிட்டை விற்பதும் திரும்ப வாங்குவதும் திடீரென்று நிறுத்தப்பட்டன. கிட்டத்தட்ட 2 கோடிப் பேர் திகைத்து நின்றார்கள். அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் உண்மை மதிப்பு வெளியானது. யூனிட் ஒன்றுக்கு 5 ரூபாய் 81 காசுதான்! பிறகு சர்க்கார் தலையிட்டு ஈடு கொடுக்க நேர்ந்தது.

கைக்கு வந்த டிவிடெண்டைப் பார்த்தவர்கள், மீதி இருந்த முதலைப் பார்க்க முடியாமல் போனது. இதுதான் பாடம். இன்று யூனிட் மதிப்பு ஒவ்வொரு வேலை நாளும் வெளியாகிறது. பார்க்க வழி இருக்கிறது; பார்க்கத்தான் வேண்டும்.

டிவிடெண்ட் இனாம் அல்ல

டிவிடெண்ட் கொடுத்தால், அந்த அளவுக்கு யூனிட்டின் மதிப்பு குறைகிறது. நம் பணத்தில் ஒரு பகுதியே நம் கைக்கு வருகிறது. இதைத் தெளிவாக்கவே, 2021 ஏப்ரல் முதல் "டிவிடெண்ட்" திட்டங்களின் பெயரை மாற்றச் செய்தது செபி என்னும் கண்காணிப்பு வாரியம். முதலும் சேர்ந்தே திரும்பி வரலாம் என்பதைப் புதிய பெயரே சொல்கிறது.

25 சதவீதமா, 9 சதவீதமா?

மாதம் 2,000 ரூபாய் வீதம் 5 ஆண்டு கட்டினால் முதல் 1,20,000 ரூபாய். அது 1,50,000 ஆகியிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். "கால் பங்கு லாபம்!" என்று தோன்றும். ஆனால் முதல் தவணைதான் 5 ஆண்டு இருந்தது. கடைசித் தவணை ஒரு மாதமே இருந்தது. கணக்குப் போட்டால் ஆண்டு வளர்ச்சி 9 சதவீதத்தைக் கூட எட்டாது. 7 சதவீத வட்டி தரும் பாங்கித் தொடர் சேமிப்பில் கட்டியிருந்தாலே சுமார் 1,44,000 ரூபாய் கிடைத்திருக்கும். ஏற்ற இறக்கத்தைத் தாங்கியதற்குக் கிடைத்த கூடுதல் 6,000 ரூபாய்தான்.

அக்கம்பக்கத்து விளைச்சலைப் பாருங்கள்

நல்ல மழை பெய்த வருஷத்தில் எல்லோர் காட்டிலும் பருத்தி விளையும். அதை வைத்து ஒருவரை நல்ல விவசாயி என்று சொல்ல முடியாது. பக்கத்துக் காட்டை விட அதிகம் விளைந்ததா என்று பார்க்க வேண்டும்.

பண்டும் அப்படியே. சந்தை முழுவதும் உயரும்போது எல்லா பண்டும் உயரும். பெரிய கம்பெனிப் பங்குகளை வாங்கும் பண்டானால், அதை நிப்டி 50 போன்ற குறியீட்டோடு ஒப்பிட வேண்டும். டிவிடெண்டையும் சேர்த்த குறியீட்டோடுதான் பண்டுகள் தங்களை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது 2018 பிப்ரவரி முதல் விதி. கடன் பத்திர பண்டைப் பங்கு பண்டோடு ஒப்பிடுவது பருத்தியையும் வாழையையும் ஒரே தராசில் நிறுப்பது போலாகும்.

ஓராண்டுக் கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சந்தை விழுந்த ஆண்டும் அடங்கிய ஐந்தாண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். அத்தனை காலமும் குறியீட்டுக்குப் பின்தங்கியே வரும் பண்டுக்கு நிர்வாகச் செலவு கொடுத்துக் கொண்டிருப்பது வீண். குறியீட்டையே பின்பற்றும் பண்டுகள் குறைந்த செலவில் கிடைக்கின்றன.

பிள்ளையின் படிப்புக்கும் பெண்ணின் கல்யாணத்துக்கும் சேர்க்கும் பணம் இது. ஆண்டுக்கு ஒரு முறை வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்டால் போதும். ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளர்ந்தது? பாங்கி வட்டியை விட எவ்வளவு கூடுதல்? அதே வகைக் குறியீட்டை விட முந்தியதா, பிந்தியதா? மூன்றுக்கும் விடை தெரிந்த வீட்டை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.