பல்லின் வேரில் தங்கும் மருந்து

பென்னலூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் பிள்ளைக்குப் பல்லில் வேர் சிகிச்சை தொடங்கியிருக்கிறதா? வலி நின்றதும் அடுத்த தவணையைத் தள்ளிப்போடத் தோன்றும், விடாதீர்கள்.

வேர்க்குழாயினுள் வைத்திருப்பது பெரும்பாலும் கால்சியம் ஹைட்ராக்சைடு எனும் வெண்பசை. ஜெர்மானியரான ஹெர்மன் 1920-இல் பல் மருத்துவத்திற்குக் கொணர்ந்த கிருமிக்கொல்லி அது. நிரந்தரமாக அடைக்கும் முன் அதைக் கழுவி எடுத்தாக வேண்டும். குழாய்ச் சுவரில் எஞ்சினால் அடைப்புப் பசை சரிவர ஒட்டாது. கசிவு ஏற்பட்டுக் கிருமிகள் மீண்டும் குடியேறலாம்.

சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை ஊசிக்குழலால் பீய்ச்சுவது பழைய வழி. (பிளீச்சிங் வாடை அடித்தால் அஞ்ச வேண்டாம்.) குறுகலான வேர்நுனியில் அது மட்டும் போதாது. 17 சதவீத ஈ.டி.டி.ஏ. கரைசல் சுண்ணச்சத்தைப் பற்றிக் கரைக்கும். கழுவுநீரை அல்ட்ராசானிக் கருவியால் அதிரச் செய்தால் இன்னும் நன்றாக வெளியேறும்; என் கருத்தில் மேலானது இதுவே. ஆயினும் எந்த முறையிலும் துளிகூட மிஞ்சாதென்று உறுதி கூற முடியாது. எனவே, "எவ்வாறு கழுவுவீர்கள்?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

ரமளானில் தவணை வந்தால், கழுவுநீர் தொண்டைக்குள் இறங்கிவிடுமோ என்று அஞ்சுவோர் இஃப்தாருக்குப் பிந்திய நேரத்தைக் கேட்டுப் பெறலாம்.