பூசணிக்காயில் முகம் வரையறவரும் ஆர்ட்டிஸ்ட்தான்

அக்டோபர் மாசம் நகரத்துல ரெண்டு விதமான பூசணிக்காய் கண்ணுல படும். ஒண்ணு, கடை வாசல்லயும் கட்டிக்கிட்டு இருக்குற வீட்டு முகப்புலயும் தொங்குற திருஷ்டிப் பூசணி. முழிச்ச கண்ணு, முறுக்கு மீசை, கோரைப்பல்லு, வெளியே தள்ளுன நாக்கு. இன்னொண்ணு, அடுக்குமாடி வளாகத்துலயும் ஐ.டி. கம்பெனி வரவேற்பறையிலயும் உட்கார்ந்திருக்குற ஹாலோவீன் பூசணி. அதுக்கும் முழிச்ச கண்ணுதான், கோணப்பல்லுதான். 2025-ல ஆயுத பூஜை அக்டோபர் 1, ஹாலோவீன் அக்டோபர் 31. நடுவுல சரியா முப்பது நாள்.

அந்த முப்பது நாளுக்குள்ள உங்க மதிப்பீடு எப்படித் தலைகீழா மாறுதுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. முதல் காய்ல முகம் வரைஞ்சவர்கிட்ட, "ரெண்டு கோடு இழுக்குறதுக்கு இவ்வளவு காசா? பத்து ரூபா குறைச்சுக்கப்பா"ன்னு நிக்கிறீங்க. ரெண்டாவது காய்ல முகம் வரைய, நீங்களே கட்டணம் கட்டிப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறீங்க. அதுக்குப் பேரு ஒர்க்‌ஷாப். சொல்லிக் கொடுக்கறவர் ஆர்ட்டிஸ்ட். நம்மாளு? "பூசணிக்காய்க்காரன்." முதலாவது மூடநம்பிக்கை, ரெண்டாவது க்ரியேட்டிவிட்டி. நல்லா இருக்குங்க உங்க நியாயம்!

பூசணி போடுற விவசாயியா எனக்கு ஹாலோவீன் மேல எந்தக் கோபமும் இல்ல. யார் எந்தப் பண்டிகைக்கு வாங்கினாலும் காய் வித்தா சந்தோஷம்தான். பிள்ளைங்க பேய் வேஷம் போட்டு மிட்டாய் கேட்டா அதுல என்ன தப்பு? ஆனா அந்தப் பண்டிகையோட கதை தெரிஞ்சா, நம்ம ஊர்க் காயைப் பார்த்து இளக்காரமாச் சிரிக்க வாய் வராது.

ஹாலோவீனுக்கு முதல்ல பூசணியே கிடையாது. அயர்லாந்துலயும் ஸ்காட்லாந்துலயும் டர்னிப் கிழங்கைக் குடைஞ்சு, முகம் வெட்டி, உள்ள விளக்கு வெச்சாங்க. எதுக்கு? கெட்ட ஆவி வீட்டை அண்டாம இருக்க! அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறின ஜனங்களுக்கு, அந்த மண்ணுல விளையுற பூசணி பெருசாவும் குடைய லேசாவும் இருந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆக, "கெட்டது அண்டக்கூடாது"ங்கறதுக்காக வாசல்ல ஒரு கோர முகம் வைக்கிறது அங்கயும் இங்கயும் ஒரே புத்திதான். அவங்க செஞ்சா கலாச்சாரம், நாம செஞ்சா பத்தாம்பசலியா?

அங்க இன்னொரு விஷயம் நடந்துச்சு. முகம் வெட்டறதுக்குன்னே தோதான பூசணி ரகத்தை ஒரு விவசாயி தேர்ந்தெடுத்து உருவாக்கினார். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஜான் ஹவுடன். அந்த ரகத்துக்கே ஹவுடன்னுதான் பேரு. காம்பு கெட்டியா, நிறம் ஆழமா இருக்கும். காயை வெட்டினா சில நாள்ல அழுகிடும், மேல வண்ணம் தீட்டினா இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். அதனால அந்தந்த ஊர் ஓவியர்கள் பூசணிக்கு வண்ணம் தீட்டி, அறுவடைக் காலச் சந்தையில கையெழுத்துப் போட்டு விக்கிறாங்க. கொஞ்ச நாள்ல அழுகப்போற காய்னு தெரிஞ்சுதான் ஜனங்க அதைக் காசு கொடுத்து வாங்குறாங்க. நாம காப்பி அடிச்சது பண்டிகையை மட்டும்தான். அந்த ஓவியருக்குக் கிடைக்கிற மரியாதையை அங்கயே விட்டுட்டு வந்துட்டோம்.

சரி, "ரெண்டு கோடு"ன்னு சொல்றீங்களே, அதுல என்ன வேலை இருக்குன்னு சொல்றேன்.

திருஷ்டிக்கு எடுக்கறது வெண்பூசணி. சாம்பல் பூசணி, கல்யாணப் பூசணின்னும் சொல்வாங்க. காசி அல்வா கிண்டறதும் இதுலதான், கேரளத்துல ஓலன் வைக்கிறதும் இதுலதான். விதை போட்டுக் காய் நல்லா முத்தி வர நாலு, நாலரை மாசம் ஆகும். முத்துன காய் மேல சாம்பல் பூசின மாதிரி ஒரு மெழுகுப் படலம் இருக்கும். காய் மாசக்கணக்குல கெடாம இருக்கறதுல அதுக்கும் பங்கு உண்டு. ஆனா அது மேல வண்ணம் பிடிக்காது, வழுக்கும். ஈரத்துணியால துடைக்கணும். அதையும் முகம் வர்ற பக்கம் மட்டும்தான் துடைக்கணும். காய் முழுக்கத் தேய்ச்சா சீக்கிரம் கெட்டுடும்.

அடுத்தது வளைவு. காகிதத்துல மீசை போடறது வேற, உருண்டைக் காய்ல போடறது வேற. ரெண்டு பக்கமும் காதைச் சுத்திப் போற மாதிரி இழுக்கணும், ஒரு பக்கம் ஏறக்கூடாது. அதோட, இந்த முகத்தை யாரும் நேருக்கு நேர் பார்க்கப் போறதில்ல. முதல் மாடி உயரத்துல தொங்கும், ரோட்டுல போறவன் அண்ணாந்து பார்ப்பான். அதனால கண்ணைப் பெருசாப் போட்டு, கருவிழியைக் கீழ இறக்கி வைக்கணும். அப்பதான் நம்மளையே முறைக்கிற மாதிரி இருக்கும். பென்சில் கிடையாது, அழிக்க ரப்பர் கிடையாது. ஒரே இழுப்பு. இதை எந்த ஒர்க்‌ஷாப்லயும் ரெண்டு மணி நேரத்துல கத்துக்க முடியாது.

இந்தக் கை எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? எங்க ஊர்ப்பக்கம் முகம் வரையற அண்ணன் ஒரு காலத்துல போர்டு ஆர்ட்டிஸ்ட். கடை போர்டு, சுவர் விளம்பரம், லாரிக்குப் பின்னாடி எழுத்து, அய்யனார் கோயில் குதிரைக்கு வண்ணம்னு வருஷம் பூரா வேலை இருந்துச்சு. ஃபிளெக்ஸ் வந்துச்சு. தமிழ்நாடு முழுக்க இந்த மாதிரி ஓவியர்கள் கையில இருந்த பிரஷ் ஒவ்வொண்ணாக் கீழ விழுந்துச்சு. சிலர் வீட்டுக்கு டிஸ்டெம்பர் அடிக்கப் போனாங்க, சிலர் வாட்ச்மேன் வேலைக்குப் போனாங்க. மிச்சம் இருக்குறவங்களுக்குச் சீசன்ல கிடைக்கிற வேலைகள்ல ஒண்ணுதான் இந்தப் பூசணி முகம். இப்ப அதையும் அச்சுல வார்த்த பிளாஸ்டிக் ராட்சச மூஞ்சி பிடுங்குது. "அழுகாது, மாத்த வேண்டாம்"னு நீங்களும் அதை வாங்கி மாட்டுறீங்க. அதனால எங்க காயும் விக்கல, அண்ணன் கைக்கு வேலையும் இல்ல.

"ஒரு மாசத்துல அழுகற காய்க்கு எதுக்குங்க அவ்வளவு காசு?"ன்னு கேட்பீங்க. மார்கழிக் கோலம் சாயங்காலம் வரைக்கும் தாங்குதா? களிமண் பிள்ளையார் மூணாம் நாள் தண்ணிக்குள்ள போயிடறார். உங்க ஹாலோவீன் காய் மட்டும் பத்து வருஷம் இருக்கப் போகுதா? அழியறதாலேயே ஒரு வேலைக்கு மதிப்பு குறையும்னா, கல்யாண வீட்டுச் சமையல்காரருக்கும் நீங்க சம்பளம் கொடுக்கக் கூடாது.

"திருஷ்டியெல்லாம் நாங்க நம்பறதில்ல, அதை எதுக்கு வளர்க்கணும்?"னும் சிலர் கேட்பீங்க. நம்பாதீங்க. எனக்கும் அந்த நம்பிக்கை கிடையாது. பேயை நம்பியா உங்க ஆபீஸ்ல ஹாலோவீன் வெக்கிறாங்க? நம்பிக்கை வேற, வேலைப்பாடு வேற. இன்னொண்ணும் சொல்லணும். ஆயுத பூஜை அன்னிக்கு நடுரோட்டுல போட்டு உடைக்கிறீங்களே, அதுல பெரும்பாலும் முகம் இருக்காது, குங்குமம் மட்டும்தான். அந்தச் சதையில வழுக்கி டூவீலர்காரங்க விழறாங்க, மறுநாள் துப்புரவுத் தொழிலாளி குனிஞ்சு வழிக்கிறார். அதை நான் ஒருநாளும் ஆதரிக்க மாட்டேன். நான் பேசறது வாசல்ல தொங்குற, ஒருத்தர் கையால வரைஞ்ச முகத்தைப் பத்தி.

அதனால நகரத்து நண்பர்கள்கிட்ட நேரடியாவே கேட்கறேன். அடுத்த அக்டோபர்ல உங்க அபார்ட்மென்ட்ல பூசணி ஓவிய நிகழ்ச்சி வைங்க, தாராளமா வைங்க. அதுக்கு உங்க ஏரியாவுல இருக்குற ஒரு போர்டு ஆர்ட்டிஸ்ட்டைக் கூப்பிடுங்க. மேடையில அவர் பேரைச் சொல்லுங்க. மத்தவங்களுக்குக் கொடுக்கற அதே தொகையை அவருக்கும் கொடுங்க. எனாமல் பெயின்ட் வேண்டாம், சுண்ணாம்பு, மஞ்சள், காவி, கரித்தூள்னு அவர் காட்டுவார். கெட்டுப்போன காய் அப்புறம் உரக்குழிக்குப் போகலாம். காயை எங்களை மாதிரி ஆளுங்ககிட்ட நேரா வாங்குங்க, காம்போட அறுத்துத் தர்றோம். பிளாஸ்டிக் மூஞ்சியை இறக்கிடுங்க.

இது எதுவும் முடியலைன்னா, ரோட்டோரத்துல பூசணியைக் குவிச்சு வெச்சுக்கிட்டு, மடியில ஒரு காயைப் போட்டு மீசை இழுத்துக்கிட்டு இருக்குறவர்கிட்ட போகும்போது, அவர் சொல்ற விலையைக் கொடுத்துட்டு வாங்கிட்டுப் போங்க. அந்தப் பத்து ரூபாயைக் குறைக்கச் சொல்லாதீங்க.