கும்பிடத் தெரியும், காக்கத் தெரியுமா?

சென்ற சனிக்கிழமை நாம் அம்பாங்கானிலிருந்து தனியே புறப்பட்டுக் கோலாலம்பூர் செத்தாப்பாக்கிலுள்ள பி. ரம்லி நினைவில்லத்தைப் பார்த்து வந்தோம். விடுமுறைப் பொழுதொன்றைப் பயனுறக் கழிப்போமென்பதைத் தவிர நமக்கு வேறு உத்தேசமில்லை. ஆனால் திரும்பி வருகையில் மனதிலே மகிழ்ச்சியைவிட வெட்கமே மிகுந்திருந்தது. அதன் காரணத்தைத் தோட்டத்துத் தோழர்களுக்கும் பட்டணத்துத் தோழர்களுக்கும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவது நம் கடமையாகும்.

அவ்வில்லம் மாளிகையன்று, ரம்லி குடியிருந்த சாதாரண வீடுதான். 1929-ல் பினாங்கில் பிறந்த அவர், சிங்கப்பூரில் நடிகராகவும், பாடகராகவும், இசையமைப்பாளராகவும், டைரக்டராகவும் பெரும்புகழ் பெற்று, 1964-ல் கோலாலம்பூர் வந்து சேர்ந்தார். வந்தபின் அவருடைய படங்கள் முன்போல் ஓடவில்லை. 1973-ல், தமது 44-வது வயதில், மனமுடைந்த நிலையிலேயே மாண்டார். 1986-ல் அவ்வீடு நினைவில்லமாயிற்று. 1990-ல் டான் ஸ்ரீ பட்டமும் அவர் பெயருக்கு அளிக்கப்பட்டது. இது காலங்கடந்த மரியாதை என்பதில் ஐயமில்லை. எனினும், செய்த பிழையை உணர்ந்து, இருந்தவற்றையேனும் திரட்டி வைத்தார்களல்லவா? நாம் அவ்வளவேனும் செய்திருக்கிறோமா?

நிற்க. ரம்லியைத் திரைக்குக் கொண்டு வந்தவர்கள் யாவர்? 1948-ல் ‘சிந்தா’ என்னும் படத்தில் அவருக்கு முதல் வாய்ப்பளித்தவர், இந்தியாவிலிருந்து வந்த பி. எஸ். ராஜ்ஹான்ஸ். 1950-ல் ‘பக்தி’ என்னும் படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன்; அவர் தமிழர். மலாய்ப் படவுலகின் அஸ்திவாரத்திலே நம்மவர் கையும் இருந்தது. ஆயினும் சென்னை நட்சத்திரங்களின் பிறந்தநாளையும், மணநாளையும், படம் வெளியாகும் நாளையும் தலைகீழாய் ஒப்பிக்கும் நம் வாலிபர்களில், கிருஷ்ணனின் பெயரைக் கேட்டிருப்பவர் எத்தனை பேர்?

நடிகரின் உருவத்தை ஆளுயரத்துக்கு மேல் எழுப்பி, மாலையிட்டு, பாலூற்றி, பட்டாசு வெடிக்க நம்மிடம் பணமிருக்கிறது. இரவெல்லாம் விழித்திருக்க நேரமிருக்கிறது. ஆனால் நம் பாட்டன்மார் தோட்டத்துத் திடலில் வேஷங்கட்டி ஆடிய நாடகத்தின் ஒரு நோட்டீசைக் காட்டச் சொன்னால், வீட்டிலே ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது! திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகளை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்துக் கேட்டு ஒரு நோட்டில் எழுத நமக்கு நேரமில்லை.

“சினிமா மோகத்தைக் கண்டிக்கும் சீர்திருத்தக்காரர் சினிமாக்காரனுக்கு வீடு கேட்கலாமா?” என்று சிலர் நம்மைக் கேட்கக்கூடும். நாம் கேட்பது இன்னொரு கோயிலன்று. கோயிலிலே கேள்வி கேட்பவனை நாஸ்திகன் என்று விரட்டுவார்கள். காட்சிசாலையிலோ கேள்வி கேட்பதற்காகவே பொருளை எதிரில் வைத்திருக்கிறார்கள். இதை யார் செய்தார், எப்பொழுது செய்தார், என்ன கூலி பெற்றார், பிற்காலத்தில் எப்படி வாழ்ந்தார் என்று விசாரிக்கத் தொடங்கியவன், நடிகனின் படத்துக்குச் சூடம் கொளுத்தமாட்டான். மோகத்துக்கு மருந்து மறதியன்று, அறிவேயாகும்.

இதை நாளைக்குத் தள்ளிவைப்பதற்குமில்லை. ரப்பர்த் தோட்டங்கள் பல வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. லயம் இடிபடும்போது, சுவரில் மாட்டியிருந்த நிழற்படமும், தகரப் பெட்டியிலிருந்த இசைத்தட்டும், குப்பையோடு குப்பையாய்ப் போகின்றன. அவற்றைத் தள்ளியது துரையுமல்ல, கங்காணியுமல்ல. வீடு மாறும் அவசரத்தில் நம் கைகளே தள்ளின. சர்க்கார் வந்து செய்யட்டுமென்று காத்திருப்போமாயின், அவர்கள் வரும்போது காட்டுவதற்கு நம்மிடம் யாதொன்றும் இராது.

முடியாத காரியமா இது? சிங்கப்பூரிலே 2015-ல் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. நம்மவரின் பழம்பொருள்களும் காட்சிக்கு வைக்கத் தக்கவையே என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? அத்தகைய கட்டடம் எழும்பும்வரை நமக்கு ஓர் அலமாரி போதும். தமிழ்ப்பள்ளியிலோ, வாசகசாலையிலோ, சங்கக் கட்டடத்திலோ அதை வைத்துப் பூட்டுங்கள். கிடைக்கும் படத்தின் பின்புறத்தில் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். ஈரமும் கறையானும் அண்டாமல் பாருங்கள். மாதமொரு முதியவரைக் கண்டு அவர் கண்டதையும் பாடியதையும் குறித்து வையுங்கள். மாலைக்குச் செலவிடும் வெள்ளியில் பாதி இதற்குப் போதும்.

தோழர்களே! நூறாண்டு கழித்து நம் பேரர்கள் ஒரு சனிக்கிழமை அம்பாங்கானிலிருந்து புறப்படுவார்களாயின், அவர்கள் நம்மைத் தேடி எங்கே போவார்கள்? அதற்கு நம்மிடம் இன்று பதிலில்லை. அந்த வெட்கத்தோடுதான் நாம் வீடு திரும்பினோம். அதை உங்களோடும் பங்கிட்டுக்கொள்ளவே இதை எழுதலானோம்.