மானுக்கு என்ன வயசு?

மாட்டுத்தாவணியில் பஸ் பிடிக்க முண்டியடிக்கிறோமே, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? பாவாடை தாவணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை சார். தாவணி என்றால் மாட்டுச் சந்தை. மாட்டின் வாயைப் பிளந்து பல்லை எண்ணிய பிறகுதான் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள்.

மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. கீழே எட்டு. பால்பல் விழுந்து நடு ஜோடி முளைத்தால் 'ரெண்டு பல்'. வயசு ரெண்டு, ரெண்டரை. பிறகு நாலு பல், ஆறு பல். எட்டும் வந்துவிட்டால் 'கடை சேர்ந்தது'. நாலு வயசுக்கு மேல். அதன் பிறகு தேய்மானத்தைப் பார்த்து ஊகம்தான். தரகர் சொல்கிற வயசோடு ரெண்டைக் கூட்டிக்கொள்வது நம் பர்ஸுக்கு நல்லது.

இந்தப் பல் விவகாரம் என் பெரிய மாமா வீட்டில் ஒருநாள் விபரீதமாகப் போய்விட்டது.

மாமாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. மதுரைக்குப் பக்கத்தில் கிராமம், தோட்டம், ரெண்டு பசு. கூடத்துச் சுவரில் கொம்போடு ஒரு புள்ளிமான் மண்டை. 1966-ல் வருசநாட்டுப் பக்கம் (அப்போது அது மதுரை ஜில்லா) அவர் சுட்டது. யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அந்தக் கதை வந்துவிடும்.

"பன்னெண்டு வயசுக் கிழட்டு மான் மாப்ளே! நான் சுடலேன்னாலும் அந்தக் கோடையைத் தாண்டியிருக்காது. கொம்பைப் பாரு, மூணு கிளை. ஒரு கிளைக்கு நாலு வருசம்!"

மூணு நாலு பன்னிரண்டு. வாய்ப்பாடு சரி. மான்தான் தப்பு என்று பிற்பாடு தெரிந்தது.

போன மாதம் மாமாவின் பசு தீனி எடுக்கவில்லை. கால்நடை டாக்டரான என் நண்பனை அழைத்துப் போனேன். பசுவுக்கு ஊசி போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தான். காபி வருவதற்குள் கதை வந்தது. ஒரு கிளைக்கு நாலு வருசம் என்றதும் பயல் சிரித்துவிட்டான்.

"ஐயா, மான் கொம்பு மாட்டுக் கொம்பு மாதிரி இல்லீங்க. வருசா வருசம் விழுந்து புதுசா முளைக்கும். வளர்ந்த புள்ளிமானுக்குப் பக்கத்துக்கு மூணு கிளைதான். அஞ்சு வயசுலயும் மூணு, எட்டு வயசுலயும் மூணு. ரொம்பக் கிழடானா கொம்பு சிறுத்துக்கூடப் போகும்."

மாமா என்னைப் பார்த்தார். நான் கேலண்டரைப் பார்த்தேன்.

அப்படியானால் வயசை எப்படிக் கண்டுபிடிப்பதாம்? வெளிநாட்டு வேட்டைக்காரர்களுக்கு இது பெரிய பாடம் என்றான். இளசை விட்டுவிட்டு முதிர்ந்ததைச் சுட வேண்டும் என்று அங்கே பல இடங்களில் கட்டுப்பாடு. தூரத்திலிருந்து உடம்பை வைத்து எடை போடுவார்கள். இளசுக்கு ஒல்லிக் கழுத்து, உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால். (காலேஜ் முதல் வருஷத்துப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள்.) முதிர்ந்த கிடாவுக்குக் கழுத்து பருத்து மார்போடு சேர்ந்துவிடும். இன்னும் வயசானால் முதுகு குழிந்து வயிறு தொங்கும். (யாரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆபீஸில் பிரச்னை வரும்.)

சுட்ட பிறகு, தாடையைத் திறந்து பல். அமெரிக்காவில் செவரிங்ஹாஸ் என்பவர் 1949-லேயே கடைவாய்ப் பல் முளைப்பதையும் தேய்வதையும் வைத்து வெள்ளைவால் மானுக்கு வயசுக் கணக்கு எழுதிவைத்தார். பல்லின் வேரை மெல்லிசாகச் சீவி, மரத்தின் வளையத்தை எண்ணுகிற மாதிரி கோடுகளை எண்ணும் முறையும் உண்டு. அங்கே குட்டிகள் பெரும்பாலும் கோடை ஆரம்பத்தில் ஒரே சமயத்தில் பிறக்கும். நவம்பரில் சுட்டால் ஒன்றரை, ரெண்டரை என்று பளிச்சென்று சொல்லிவிடலாம். நம் புள்ளிமான் அப்படியா? வருசம் பூராவும் குட்டி போடும். பிறந்த தேதியே தெரியாத ஆளுக்கு ஜாதகம் எழுதுகிற கதைதான்.

1868-ல் ஹவாய்த் தீவுக்குப் பரிசாகப் போன நம் புள்ளிமான் அங்கே பெருகிப் பயிரைத் தின்று தொல்லையாகிவிட்டது. லைசென்ஸ் வாங்கிச் சுடுகிறார்கள். இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டைக் கதை முடிந்தது. வயசு ரெண்டோ பன்னெண்டோ, சுட்டால் ஜெயில்தான். கொம்பை விற்பதும் வாங்குவதும்கூடக் குற்றம். ஆகவே மாமா வீட்டு விலாசம் கேட்டு யாரும் கடிதம் போட வேண்டாம்.

"அப்ப இதுக்கு என்ன வயசு? பாத்துச் சொல்லுங்க டாக்டர்" என்றார் மாமா.

நான் நண்பனுக்குக் கண்ஜாடை காட்டினேன். பத்துன்னு சொல்லித் தொலையேண்டா! அவன் அதற்குள் ஸ்டூலில் ஏறி மண்டையை இறக்கிவிட்டான். கீழ்த்தாடை இல்லை. திருப்பிப் போட்டு மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களை விரலால் தடவினான்.

"கிழட்டு மானா இருந்தா அம்மிக்கல் மாதிரி மழுங்கியிருக்கணும். இது முகடெல்லாம் கத்தி மாதிரி இருக்கு. கடைசிப் பல் பாதிதான் எலும்பை விட்டு வெளிய வந்திருக்கு." கொஞ்சம் தயங்கினான். "ரெண்டு... மிஞ்சிப் போனா ரெண்டரை. இப்பத்தான் வளர ஆரம்பிச்ச பிள்ளைங்க ஐயா."

கூடத்தில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அத்தை காபி டம்ளரோடு அப்படியே நின்றாள். ஐம்பது வருசத்துக்கு மேல் சொன்ன கதை ஆயிற்றே, மனுஷர் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. மண்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரியும் மாப்ளே" என்றார் என்னிடம். "தூரத்துல கொம்புதான் தெரிஞ்சுச்சு. சுட்டுட்டுக் கிட்டப் போனா, சின்னது. கழுத்து என் கைக்குள்ள அடங்குச்சு. கூட வந்தவங்க கேலி பண்ணக் கூடாதேன்னு கிழட்டு மான்னு சொல்லிவச்சேன். ஆரம்பத்துல ஆறு வயசுன்னுதான் சொன்னேன். அப்புறம் எனக்கு ஏற ஏற அதுக்கும் ஏத்திட்டேன்."

அதன்பின் துப்பாக்கியைத் தொடவில்லையாம். இந்த விஷயம் அத்தைக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். நண்பனிடம் பசுவுக்கு மருந்து எத்தனை வேளை என்று கேட்டுக்கொண்டார். பிறகு என் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார்:

"இனிமே யாராச்சும் கேட்டா ரெண்டு வயசுன்னே சொல்லு மாப்ளே."